தோழிக்குத் தோழி யார்?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், கல்லூரிகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். மகளிர் தினப் பட்டிமன்றம். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: பெண்ணின் முன்னேற்றத்துக்குத் தடை ஆணா, பெண்ணா? அரங்கு நிறைய மாணவிகள் உட்கார்ந்திருப்பார்கள். "பெண்ணே" என்று வாதாடும் அணிக்குத்தான் கைதட்டல் அதிகம். மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுக்காரி, விடுதி வார்டன் என்று வரிசையாக வந்து விழுவார்கள். சிரித்துச் சிரித்துப் பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிடும். எதிரணி எழுந்து தாய்மை, தியாகம், சகோதரித்துவம் என்று உருகும். நடுவர் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்து, "பெண்ணுக்குப் பெண்ணே துணை" என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நாற்காலியில் நான் உட்கார்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

முதல் அணி சொல்வது பொய் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்ணிய மேடைகளில் அதைத் திட்டித் தீர்த்தாகிவிட்டது. எனக்கு இப்போது கோபம் இரண்டாவது அணியின் மீது. அது நம் அணி என்பதால் கூடுதல் கோபம். பெண் பெண்ணுக்குத் துணை நிற்கிறாள் என்பது உண்மை. பிறப்பு தொட்டுச் சாவு வரைக்கும் நிற்கிறாள். ஆனால் அந்தத் துணையை யார் கொடுத்தார்கள், யார் வாங்கிக்கொண்டார்கள், கொடுத்தவளுக்கு என்ன செலவானது என்று கேட்காமல் "துணை, துணை" என்று உருகிக்கொண்டிருப்பதும் ஒரு சுரண்டல்தான். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைக் கேட்பதற்கு.

எதிரிப் பேச்சை ஒரே ஓர் எடுத்துக்காட்டோடு முடித்துவிட்டுப் போகிறேன். 1989இல் தமிழ்நாட்டில் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்றது. 2005இல் அது நாடு முழுமைக்கும் ஆனது. சட்டம் வந்த பிறகு நம் ஊர்களில் நடந்தது என்ன? சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம். "உங்கண்ணன்கிட்ட எதுக்குப் பகை? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவன்தானே வந்து நிக்கணும்?" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைப்பது பல வீடுகளில் அம்மாதான். பட்டிமன்ற அணி இதைப் பிடித்துக்கொள்ளும்: பார்த்தீர்களா, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி! அந்த அம்மா சாகும்வரை சாப்பிடப் போவது மகன் வீட்டில். அவள் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. தன் சோற்றுக்கு அவள் கொடுக்கும் விலை அந்தக் கையெழுத்து. அதற்காக அவளை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. மகளுக்குப் போனது போனதுதான். அந்தக் காகிதத்தால் லாபம் அடைந்தவன் பட்டிமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி நம் அணிக்கு வருவோம்.

தமிழ் படித்தவள் நான். பெண்ணுக்குப் பெண் துணை என்ற பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது தோழிதான். அகப்பாடல்களில் தோழி பேசும் அளவுக்கு வேறு யாரும் பேசுவதில்லை என்று சொல்லலாம். குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 261 அடி. பள்ளியில் தொடங்கி முதுகலை வரைக்கும் அந்தப் பாட்டு நமக்கு எதற்குப் பயன்பட்டிருக்கிறது? 99 பூக்களின் பெயரை மனப்பாடம் செய்வதற்கு. ஒரே மூச்சில் ஒப்பித்த பெண்ணுக்குப் பரிசு கொடுத்த விழாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 261 அடியும் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காகத் துணிந்து பேசிய ஒரே பேச்சு என்பதை எத்தனை வகுப்பில் அழுத்திச் சொல்லியிருக்கிறோம்?

நடப்பது இது. தலைவி ஒருவனை விரும்பிவிட்டாள். உடல் மெலிகிறாள். வீட்டில் என்ன நோயோ என்று குறி கேட்கிறார்கள், தெய்வத்துக்குப் பூசை போடுகிறார்கள். அப்போது தோழி செவிலியின் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொல்கிறாள். இதற்கு இலக்கணத்தில் பெயர் அறத்தொடு நிற்றல். அதற்கு ஒரு வரிசை உண்டு: தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். ஒரு பெண்ணின் விருப்பம் ஆண்களின் காதுக்குப் போவதற்கு முன்னால் மூன்று பெண்களின் வாயைக் கடந்தாக வேண்டும். வழியில் எந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டாலும் கதை முடிந்தது. எழுதியவர் கபிலர், ஆண்தான். ஆனாலும் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி ஒருத்தியைக் காப்பாற்றும் ஏற்பாடு அந்த இலக்கணத்தில் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் நிறுத்திக்கொள்வார்கள். "அன்றே தமிழ்ப்பெண்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகக் கேட்கிறேன்.

ஒன்று, அந்த அறம் எந்த அறம்? அறம் என்பதற்கு இங்கே கற்பு என்றே பொருள் சொல்கிறது உரை மரபு. அவனையே அவளுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்ற எல்லைக்குள்தான் தோழியின் துணை செல்லுபடியாகும். தலைவி நாளை மனம் மாறினால், அவன் சரியில்லை என்று திரும்பி வந்தால், அதற்குத் துறை கிடையாது.

இரண்டாவதுதான் என்னைப் பல காலமாகத் தூங்கவிடாத கேள்வி. தோழி யார்? செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் செவிலியின் முன்னால் போய் நிற்கும்போது அவள் நிற்பது தன்னைப் பெற்றவளின் முன்னால். தலைவியின் வீட்டை அண்டி வாழும் ஒரு தாயும் மகளும் அந்த வீட்டுப் பெண்ணுக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். தோழிக்கும் தலைவி வயதுதானே இருக்கும்? அவளுக்கு ஓர் ஆசை வந்திருக்காதா? அவளும் ஒருவனுக்காக மெலிந்திருக்க மாட்டாளா? அகப்பாடல்களை முழுக்கப் புரட்டினாலும் தோழியின் காதலுக்கு ஒரு பாட்டு இல்லை. ஏவல் செய்வோருக்கு ஐந்திணைக் காதல் உரியதில்லை என்று இலக்கணமே ஒதுக்கிவைத்துவிட்டது. தலைவிக்குத் தோழி உண்டு. தோழிக்குத் தோழி இல்லை.

சங்க காலத்தோடு போயிருந்தால் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டு விட்டிருப்பேன். போகவில்லை.

வை. மு. கோதைநாயகியை எடுத்துக்கொள்வோம். 115 நாவல்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த 'ஜகன்மோகினி' பத்திரிகை, மேடைப் பேச்சு, சிறை. தமிழில் எழுதிப் பேர் வாங்கிய பெண்களின் வரிசையில் முன்னால் நிற்பவர். அவருடைய முதல் படைப்பு 'இந்திர மோகனா' என்ற நாடகம். அது உருவானபோது அவருக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல, உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவர் பட்டம்மாள் என்ற தோழி. கோதைநாயகிக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவரே என்பார்கள்.

ஒரு நாடகத்தை ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது என்றால் சும்மா இல்லை. திருவல்லிக்கேணி வீடு ஒன்றில், அடுப்படி வேலை முடிந்த பிற்பகலில், இரண்டு பெண்கள். ஒருத்தி சொல்கிறாள். மற்றவள் எழுதுகிறாள், நிறுத்துகிறாள், "இந்த இடத்துல அவ ஏன் அப்படிச் சொல்றா?" என்று கேட்கிறாள். கேட்காமல் இருந்திருப்பாளா? கதை கேட்கிறவள் கேட்காமல் இருக்க முடியுமா? அந்தக் கேள்விக்குப் பிறகு நாடகத்தில் ஒரு வசனம் மாறியிருக்கும். நான் கற்பனை செய்கிறேன் என்று ஆய்வாளர்கள் சொல்லலாம். சொல்லட்டும், எழுதும் கை ஒருபோதும் வெறும் கையாக இருப்பதில்லை என்பது எழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.

இலக்கிய வரலாறு பட்டம்மாளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தது. கோதைநாயகியின் கணவர் மனைவியை ஊக்குவித்ததற்கு ஒரு பத்தி கொடுத்தது. அவர் ஊக்குவித்தார், அதை மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். என் கேள்வி அளவைப் பற்றியது. மனைவி எழுதுவதைத் தடுக்காமல் இருந்த ஆணுக்குப் பத்தி. பேனாவைப் பிடித்த பெண்ணுக்கு வாக்கியம். பட்டம்மாளுக்குள் ஒரு நாடகம் இருந்ததா, அதைச் சொன்னால் எழுதிக்கொள்ள யாராவது எதிரில் உட்கார்ந்தார்களா என்று அந்த வாக்கியம் கேட்கவில்லை.

இன்று பட்டம்மாள்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை. ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மதிப்பீட்டுக்காக என் மேசைக்கு வரும் ஆய்வேடுகளில் நான் முதலில் படிப்பது அதைத்தான். வரிசை மாறவே மாறாது. மாண்பமை துணைவேந்தர், கல்லூரிச் செயலர், முதல்வர், துறைத்தலைவர், நெறியாளர். பிறகு பெற்றோர், கணவர். கணவருக்குப் பெரும்பாலும் "என்னைப் படிக்க அனுமதித்த" என்ற அடைமொழி. முப்பத்தைந்து வயதுப் பெண், தமிழில் இரண்டு பட்டம் பெற்றவள், அனுமதித்தவருக்கு நன்றி சொல்கிறாள்! கடைசியில், பக்கத்தின் அடியில், "அழகுறத் தட்டச்சு செய்து தந்த" கணினி மையத்துக்கு ஒரு வரி. கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் அந்த மையங்களில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சு செய்கிறவர்கள். நம் ஆய்வாளர்களின் சந்திப்பிழைகளை அவர்கள் திருத்துகிறார்கள். அடிக்குறிப்பு எண்ணை அவர்கள் சரிபார்க்கிறார்கள். நன்றியுரையில் அவர்கள் பெயர் வராது; மையத்தின் பெயர் வரும்.

என் ஆய்வேட்டுக்கும் ஒரு பட்டம்மாள் இருந்தார். பதிவு செய்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். வளவில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா தையல்காரர். திண்ணையில் மெஷின் போட்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் நான் நூலகத்துக்குப் போக, பிள்ளை அவரிடம். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். அரிசி, எண்ணெய் என்று வேறு பெயரில்தான் கொடுக்க முடிந்தது. பிள்ளை இருக்கும் நாளில் அவருக்கு இரண்டு ரவிக்கை குறையும். ரவிக்கைக்குக் கூலி அப்போது 40 ரூபாய். வாரம் 240. ஆண்டுக்கு 50 வாரம் என்று வைத்தால் 12,000. இரண்டு ஆண்டில் 24,000 ரூபாய். அந்த ரவிக்கைகளை அவர் ராத்திரியில் உட்கார்ந்து தைத்தார், அதனால் கூலி போகவில்லை, தூக்கம் போனது. நான் படித்த பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் காப்பகம் இல்லை. ஆக, என் முனைவர் பட்டத்துக்கு மானியம் கொடுத்தது ஓர் உயர்கல்வி நிறுவனம் அல்ல, எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு தையல்காரரின் இரவுத் தூக்கம்.

நன்றியுரையில் அவர் பெயரை, தொழிலோடு, நெறியாளர் பெயருக்கு அடுத்து எழுதினேன். நெறியாளர் பென்சிலால் அடித்துவிட்டு, "இதெல்லாம் வீட்டு விஷயம், வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பென்சில் கோட்டை அழித்துவிட்டு அப்படியே கட்டுக்கொடுத்தேன். அந்தப் பெயர் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

ஆனால் பெயர் போட்டால் போதுமா? போதாது. நான் இன்னும் கடுமையாகக் கேட்கிறேன். அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தபோது மெஷினில் உட்கார ஆள் இருந்ததா? அவருக்கு முதுகுவலி வந்தபோது விடுப்புக் கொடுக்க யார்? நடுத்தர வர்க்கப் பெண் மேலே ஏறுவதற்குக் கீழே ஒருத்தி குனிந்து தோள் கொடுக்கிறாள். அதைச் "சகோதரித்துவம்" என்று நாம் கவிதை எழுதுகிறோம். நானும் எழுதுகிறவள்தான், அதனால்தான் சொல்கிறேன். துணை என்பது தண்ணீர் மாதிரி மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போக வேண்டியது. நம் சமூகத்தில் அது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கப்படுகிறது. இறைக்கிறவள் கை காய்த்துப்போகிறது.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேசினால் பாதிப் பேச்சுதான். சகோதரி சுப்பலட்சுமியின் கதை நமக்குப் பெருமையாகச் சொல்லப்படும் கதை. குழந்தை மணம், குழந்தை விதவை, 1911இல் பட்டம், சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண். தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு அவர் நடத்திய இல்லம் பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர் சித்தி வாலாம்பாள். அவரும் விதவைதான். அந்த வீட்டையும் அத்தனை பிள்ளைகளையும் தாங்கியவர். ஒரு விதவை இன்னொரு விதவையைப் படிக்க வைக்க, அவர் ஒரு கூட்டத்தையே படிக்க வைத்தார். நான் இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு விம்மும். ஆனால் அந்த இல்லம் பார்ப்பன விதவைகளுக்கானது. அரசு கொடுத்த இடம், அரசுப் பணம். அந்தக் கடற்கரையிலேயே மீனவக் குப்பம் இருந்தது. அங்கேயும் விதவைகள் இருந்திருப்பார்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சுப்பலட்சுமி பின்னால் பள்ளி நடத்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் ஒரே பந்தியில் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைக்க அந்தக் காலத்துச் சகோதரித்துவத்தால் முடியவில்லை. இந்தக் காலத்துச் சகோதரித்துவத்தால் முடிகிறதா? "நம்ம பொண்ணு, பார்த்துப் போடுங்க" என்று எங்கள் துறைகளில் தொலைபேசி வரும்போது அந்த "நம்ம" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பேராசிரியைகள் எல்லோருக்கும் தெரியும். பெண் என்பதால் வரும் "நம்ம" இல்லை அது.

அப்படியானால் தோழி தோழிக்கு நின்ற கதை இல்லவே இல்லையா? இருக்கிறது. அதைப் பேசத்தான் மேடை கிடைப்பதில்லை.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவிகள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களில் பலருக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. புதுமைப் பெண் திட்டம் என்பீர்கள். அதற்கு இன்னொரு பெயர் உண்டு: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1989இல் இதே பெயரில் திருமண உதவித் திட்டமாகத் தொடங்கி 2022இல் கல்விக்காக மாற்றப்பட்டது. யார் இந்த ராமாமிர்தம் அம்மையார் என்று வகுப்பில் கேட்டேன். அறுபது பேரில் நான்கு கை உயர்ந்தது. 1883இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து மீண்டவர். மீண்டதும் தன் குடும்பம், தன் பிள்ளை என்று போய்விடவில்லை. அந்தத் தெருக்களுக்கே திரும்பிப் போனார். பொட்டுக் கட்டாதீர்கள் என்று வீடு வீடாகப் பேசினார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' நாவலை எழுதினார். சட்டமன்றத்தில் பேசிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியை நாடு கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. அதற்குமுன் ஏச்சும் பேச்சும் வாங்கித் தெருவில் அலைந்த அம்மையாரை வங்கிக் குறுஞ்செய்தியில் வரும் பெயராகக்கூட நாம் வைத்துக்கொள்ளவில்லை. வாயில் நுழையாத நீளம் என்று சுருக்கிவிட்டோம்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமல் பத்து மணி நேரம் நிற்பார்கள். அங்கே ஒரு தையல்காரர், விஜி என்று பெயர், அந்தப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார நாற்காலி கேட்டார்கள். தொழிற்சங்க ஆண்கள் சிரித்தார்கள். உட்காருவதெல்லாம் ஒரு கோரிக்கையா? 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அதே திருத்தத்தைச் செய்தது. ரங்கநாதன் தெருவில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து நிற்கும் ஒரு பெண்ணின் நரம்பு சுருண்ட காலுக்கு, ஒருபோதும் பார்த்திராத ஒரு மலையாளத் தையல்காரர் ஒரு முக்காலி வாங்கிக்கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அண்மைக் காலத்தில் இதைவிடப் பெரிய அறத்தொடு நிற்றல் இல்லை.

மூணாறு 2015. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெரும்பான்மையும் தலித்துகள். நாள் கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்கு, 20 சதவீதப் போனஸ் கொடு என்று ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸ் கணக்கு இறங்கிவந்தது. கூலி பிறகு 301 வரைக்கும்தான் ஏறியது. கட்சிகள் உள்ளே கை விட்டு அமைப்பைப் பிளந்ததும் உண்மை. அதைச் சொல்லி "பார்த்தீர்களா, பெண்கள் சேர்ந்தால் இப்படித்தான்" என்று முகநூலில் எழுதிய ஒரு முற்போக்குக் கவிஞருக்கு, தமிழ்நாட்டில் பிளவுபடாத ஆண்களின் கட்சி ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். இன்னும் பதில் வரவில்லை.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். யாரும் யாருக்கும் உதவி செய்யவில்லை. மேலே போகிற ஒருத்திக்குத் தோள் கொடுத்துவிட்டுக் கீழே தங்கவில்லை. தனக்கும் வேண்டியதையே பக்கத்தில் நிற்பவளுக்கும் கேட்டார்கள். கேட்டதைச் சட்டமாகவும் கூலியாகவும் விதியாகவும் எழுதி வாங்கினார்கள் அல்லது வாங்கப் போராடினார்கள். நல்ல மனசை நம்பி இருந்தால் அந்த நல்ல மனசுக்காரி ஊர் மாறிப் போகும் நாளில் எல்லாம் முடிந்துவிடும். என் அக்கா வளவைக் காலி செய்திருந்தால் என் மூன்றாம் இயல் எழுதப்பட்டிருக்காது.

பேராசிரியைகளுக்குச் சொல்ல எனக்குச் சில உண்டு. 2016ஆம் ஆண்டு யுஜிசி விதிகள் முனைவர் பட்ட மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு வழி செய்தன. உங்கள் மாணவிக்கு அது தெரியுமா? தெரிந்தும் கேட்கத் தயங்கினால் விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நாங்களெல்லாம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து படிக்கவில்லையா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள், நாம் பட்ட பாட்டை அவளும் பட வேண்டும் என்பதற்குப் பெயர் பயிற்சி இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்துவிட்டது. அதில் ஆய்வு மாணவி வர மாட்டாள், ஏனென்றால் அவள் ஊழியர் இல்லை. துறைக்கூட்டத்தில் அவள் பிள்ளையையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். கூடவே, வளாகத்தைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையையும். அவரும் கணக்கில் வேறு யாரோ ஒரு ஒப்பந்தக்காரரின் ஆள். தலைவிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் காப்பகம் என்றால் நாம் மறுபடியும் ஐஸ் ஹவுஸ்தான் கட்டுகிறோம்.

மாணவிகளே, உங்களிடம் கேட்பது சின்னது. உங்கள் விடுதியில் மாவாட்டுகிறவர், கழிவறை கழுவுகிறவர், உங்கள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்கிறவர், இவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு நிற்காமல் மாதச் சம்பளம் எவ்வளவு, பிஎஃப் பிடிக்கிறார்களா, வார விடுமுறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்று தெரிந்தால் விடுதி மாணவிகள் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு. மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாடி, சேலைப் பிரிவு. சட்டத்துக்குப் பயந்து ஓரத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அதன்மேல் சேலைக்கட்டு ஒன்று இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. பக்கத்தில் பதினெட்டு வயது இருக்கும் ஒரு பெண், ஒரு காலைத் தூக்கி மறு காலின்மேல் தேய்த்துக்கொண்டு நின்றாள். உட்காரக் கூடாதா என்று கேட்டேன். சிரித்தாள். "மேனேஜர் பாத்தா..." என்று இழுத்தாள். அடுத்த கவுண்டரில் இருந்த வயதான பெண் ஒன்றும் பேசவில்லை. வந்து அந்தக் கட்டை அப்படியே தூக்கித் தரையில் வைத்தார். "நீ உக்காரு. கேட்டா நான்தான் எறக்கினேன்னு சொல்லிக்கிறேன்," என்றார். அந்தப் பெண், "நீங்க, க்கா?" என்று கேட்டாள். "ஒனக்கு அரை மணி, அப்புறம் எனக்கு அரை மணி."